பின் சீட் மடங்காமல் சிக்கிக்கொண்டால்: விடுவிப்பதும் சரிசெய்வதும்

டிக்கி நிறையச் சாமான் ஏற்ற வேண்டும், பின் சீட் மடங்க மாட்டேன் என்கிறது. சாய்மானத்தின் மேலே இருக்கும் பட்டன் அமுங்குகிறது, ஆனால் சாய்மானம் அசையவில்லை. அந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: இன்னும் பலமாக இழுத்துப் பார். அந்த இழுப்புதான் சின்ன வேலையை அரை நாள் வேலையாக ஆக்கிவிடுகிறது. பட்டன் உடைகிறது, கேபிள் அறுகிறது, சாய்மானத்தின் இரும்புச் சட்டம் கோணிக்கொள்கிறது. கடைசியில் மெக்கானிக் "முழு சீட்டையே மாற்ற வேண்டும்" என்கிறார், நாமும் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலும் பழுது ஒரு பிளாஸ்டிக் கிளிப்பிலோ காய்ந்துபோன கிரீஸிலோதான் இருக்கும். இந்த வேலையைத் தனியாக உட்கார்ந்து முடித்து, முதுகு பிடித்துக்கொண்டு எழுந்தபோது, இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. அதனால் கதையை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாய்மானத்தின் மேல் ஓரத்தில், கதவுப் பக்கமாக, ஒரு லாட்ச் இருக்கும். காரின் உடலில் அதற்கு நேராக ‘ப’ வடிவக் கம்பி ஒன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரைக்கர். லாட்சுக்குள் இரண்டு இரும்புத் துண்டுகள்தான் முக்கியம். ஒன்று சுழன்று ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி. மற்றொன்று, அந்தக் கவ்வி திரும்பிவிடாமல் தடுத்து நிற்கும் நாக்கு. பட்டனை அமுக்கும்போது ஒரு கம்பியோ கேபிளோ போய் நாக்கை விலக்குகிறது, ஸ்பிரிங் கவ்வியைத் திறந்துவிடுகிறது. கார் கதவின் லாக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 60:40 விகிதத்தில் இரண்டு பாகமாகப் பிரிந்த சீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் வெளி ஓரத்தில் ஒரு லாட்ச் இருக்கும். பிரியாத ஒற்றைச் சாய்மானமாக இருந்தால் இரண்டு பக்கமும் லாட்ச் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் சீட் வரும். இது தெரியாமல் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு இழுத்தால் சாய்மானம் முறுக்கிக்கொள்ளும்.

இழுப்பதற்கு முன்னால் பட்டனை விரலால் நிதானமாக அமுக்கிப் பாருங்கள். பழுது எங்கே என்பதில் பாதியை அந்த விரலே சொல்லிவிடும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் பட்டன் தொளதொளவென்று போய் வருகிறதா? அப்படியானால் பட்டனுக்கும் லாட்சுக்கும் இடையில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது: கம்பியின் கிளிப் உடைந்திருக்கும் அல்லது கேபிள் கழன்றிருக்கும். பட்டன் கல்லாக நிற்கிறதா? அப்படியானால் நாக்கின் மேல் சுமை ஏறியிருக்கிறது, அல்லது துருவும் அழுக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பட்டன் வழக்கம்போல அமுங்கி உள்ளே ‘டக்’ என்று சத்தமும் கேட்டு, சீட் மட்டும் வரவில்லையா? லாட்ச் திறந்துவிட்டது, வேறு ஏதோ பிடித்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. எது என்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

கல்லாக நிற்கும் பட்டனில் தொடங்குவோம், ஏனென்றால் இதற்குப் பெரும்பாலும் கருவியே தேவைப்படாது. டிக்கியில் உள்ள சாமான் சாய்மானத்தை முன்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால், கவ்வி ஸ்ட்ரைக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு முழு அழுத்தத்தையும் நாக்கின் மேல் போடும். அந்த உராய்வை உங்கள் கட்டைவிரலால் வெல்ல முடியாது. சாமானை வெளியே எடுங்கள். பிறகு சாய்மானத்தின் மேல் ஓரத்தை, லாட்ச் இருக்கும் மூலையில், உள்ளங்கையாலோ தோளாலோ பின்பக்கமாக, அதாவது டிக்கியை நோக்கி, நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே பட்டனை அமுக்குங்கள். முன்னால் இழுத்துக்கொண்டு அமுக்குவதுதான் எல்லாரும் செய்வது. அது நாக்கை இன்னும் இறுக்கிவிடும். பின்னால் தள்ளினால் நாக்கின் மேல் இருக்கும் சுமை ஒரு கணம் விலகும், அந்தக் கணம் போதும். ஒருவர் தள்ள, ஒருவர் அமுக்கினால் இன்னும் எளிது. தனியாக இருந்தால் உட்காரும் மெத்தையில் முழங்கால் ஊன்றி, தோளால் தள்ளி, மறு கையால் அமுக்கலாம். தள்ளும்போது மேலும் கீழுமாகச் சற்றுக் குலுக்குங்கள். இதற்கும் வரவில்லை என்றால், துளைக்கும் எண்ணெய் (துருவுக்குள் ஊடுருவி இளக்கும் எண்ணெய்) ஸ்பிரேயின் மெல்லிய குழலை லாட்ச் இடைவெளியில் விட்டுக் கொஞ்சமாக அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி முயலுங்கள். அடிப்பதற்கு முன் சீட் பெல்ட்டைத் துணியால் மூடி ஒதுக்கிவையுங்கள். பெல்ட் நாடாவில் எண்ணெய் ஏறக் கூடாது.

அடுத்து, ‘டக்’ கேட்டும் வராத சீட். இதில் முதல் சந்தேகம் சீட் பெல்ட் மேல். கதவோரப் பெல்ட் சாய்மானத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவில் நழுவி விழுந்து, சாய்மானத்தை நிமிர்த்தியபோது லாட்சுக்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம். சிக்கிய இடத்தில் பெல்ட்டை வெட்டி இழுக்காதீர்கள். பின்னால் தள்ளி, தளர்த்தி, மெல்ல உருவுங்கள். நாடாவின் ஓரம் பிய்ந்திருந்தாலோ நூல் எழும்பியிருந்தாலோ அந்தப் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது சந்தேகம் பின்னால் வாங்கிப் போட்ட சீட் கவர். அதன் எலாஸ்டிக் கொக்கிகளும் கட்டுக் கயிறுகளும் கீல் பக்கம் சுற்றிக்கொள்ளும். தடித்த கவராக இருந்தால் பட்டன் முழுதாக அமுங்கவே விடாது. கவரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது, சில கார்களில் உட்காரும் மெத்தையை முதலில் முன்னால் புரட்டிவிட்டுத்தான் சாய்மானத்தை மடக்க வேண்டும். ஹெட்ரெஸ்ட் முன் சீட்டில் இடித்து நிற்பதும் உண்டு. இவை பழுதே இல்லை. ஆனால் இதைப் பழுது என்று நினைத்து பலம் கொடுத்தால் பழுதாகிவிடும்.

தொளதொளப்பான பட்டன்தான் உண்மையான பழுது. பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் பெரும்பாலும் பூட்டுப் பற்களால்தான் நிற்கும், போல்ட் இருக்காது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பற்கள் உடையும், துணியும் கிழியும். டேஷ்போர்டு கழற்றப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் நெம்பிதான் சரி. வளையம் வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒரு மெல்லிய கம்பி கீழே லாட்சை நோக்கி இறங்கும். அதைப் பட்டனோடு பிணைக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கம்பி தனியாக நிற்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். நீள மூக்கு பிளையரால் கம்பியைப் பிடித்து, பட்டன் நகர்த்தும் அதே திசையில் நகர்த்துங்கள். சில மாடலில் மேலே இழுக்க வேண்டும், சிலவற்றில் கீழே தள்ள வேண்டும். எந்தத் திசையில் ஸ்பிரிங் எதிர்ப்பு தெரிகிறதோ அதுவே சரியான திசை. அப்போதும் சாய்மானத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கிப் பக்கக் கைப்பிடியிலிருந்து கேபிள் வரும் வகையாக இருந்தால், கைப்பிடியின் பின்புறம் கேபிளின் வெளி உறை தன் காடியிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். உறை நழுவினால் உள்கம்பி நன்றாக இருந்தும் இழுப்பு லாட்சுக்குப் போய்ச் சேராது. உறையைக் காடியில் திரும்பப் பொருத்தினாலே சில சமயம் போதும்.

எதற்கும் அசையாவிட்டால் டிக்கி வழியாகப் போக வேண்டியதுதான். சாய்மானத்தின் முதுகில் இருக்கும் கார்பெட், அட்டையோடு கிளிப்புகளில் நிற்கும், அல்லது கீழே பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தில் கொக்கி போட்டிருக்கும். லாட்ச் இருக்கும் மேல் மூலையை மட்டும் விலக்கினால் போதும், முழுதாக உரிக்க வேண்டாம். இடைவெளியில் கை போகாது, ஆனால் செல்போன் கேமரா போகும். வீடியோ எடுத்துப் பார்த்து நாக்கின் நெம்புகோல் எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகு, முனை வளைத்த விறைப்பான கம்பியாலோ நீளமான மெல்லிய ஸ்க்ரூ டிரைவராலோ அதைத் தள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் குத்திக்கொண்டிருந்தால் ஸ்பிரிங்கைத்தான் கழற்றிவிடுவீர்கள், அதன்பின் லாட்சே போச்சு.

அதுவும் முடியாத நிலையில் ஒரு பின்வாசல் உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. லாட்சை விட்டுவிட்டுக் கீழே கீல் போல்ட்டுகளைக் கழற்றுவது. உட்காரும் மெத்தையை எடுத்தால்தான் அவை தெரியும். மெத்தையின் முன் விளிம்பில் பெரும்பாலும் இரண்டு கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு பக்கமாக, மேல்நோக்கிச் சட்டென்று தூக்க வேண்டும். நடுவில் பிடித்துத் தூக்கினால் சட்டம் வளையும். சில மாடலில் பின் ஓரத்தில் ஒரு போல்ட்டும் இருக்கும். மெத்தைக்குக் கீழே பெல்ட் பக்கிளுக்குப் போகும் ஒயர்கள் இருந்தால், சாவி அணைந்திருக்கும்போது மட்டும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு ஏறிக்கொள்ளும். மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ தெரிந்தால் அது ஏர்பேக். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. கீல் போல்ட்டுகள் வந்துவிட்டால் சாய்மானத்தின் அடிப்பக்கத்தை முன்னால் இழுத்து, மேலே ஸ்ட்ரைக்கரில் தொங்கும் லாட்சைச் சற்று ஆட்டி விடுவிக்கலாம், அல்லது அப்போது கிடைக்கும் இடைவெளியில் ஸ்ட்ரைக்கரின் போல்ட்டுகளையே கழற்றிவிடலாம். அவை பெரும்பாலும் நட்சத்திரக் குழியுள்ள டார்க்ஸ் போல்ட்டுகள். சரியான அளவு பிட் இல்லாமல் அருகில் உள்ள அளவைத் திணித்துத் திருகினால் குழி மழுங்கி, வேலை இன்னும் மோசமாகும்.

சீட் வந்துவிட்டது. இப்போதுதான் மகிழ்ச்சியில் எல்லாரும் செய்யும் காரியம்: "சரியாகிவிட்டதா பார்ப்போம்" என்று சாய்மானத்தைத் திரும்ப நிமிர்த்திப் பூட்டுவது. பூட்டிக்கொள்ளும், திறக்காது. உடைந்த கிளிப் இன்னும் உடைந்தே இருக்கிறது அல்லவா? சாய்மானம் மடங்கியே இருக்கட்டும். உருண்டைத் தண்டுள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்ட்ரைக்கர் இருக்க வேண்டிய இடத்தில் கவ்வியின் வாய்க்குள் வைத்து அழுத்துங்கள். கவ்வி சுழன்று பூட்டிக்கொள்ளும். பல லாட்சுகளில் இரண்டு ‘டக்’ கேட்கும், முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது பட்டனை அமுக்கினால் கவ்வி தானாகத் துள்ளித் திறந்து ஸ்க்ரூ டிரைவரை விட வேண்டும். சோம்பலாக, பாதி வரை வந்து நின்றால் அழுக்கு. திறக்கவே இல்லை என்றால் இணைப்புப் பழுது. பூட்டவே இல்லை என்றால் ஸ்பிரிங் போயிருக்கிறது. விரலை மட்டும் அந்த வாய்க்குள் விடாதீர்கள். இன்னொன்று: கவ்வி ஏற்கெனவே மூடிய நிலையில் இருந்தால், சாய்மானத்தை எவ்வளவு ஓங்கித் தள்ளினாலும் ஸ்ட்ரைக்கரில் மோதித் திரும்பும். குழந்தைகள் விளையாட்டாக அமுக்கி மூடிவிடுவார்கள். பட்டனை ஒருமுறை அமுக்கிக் கவ்வியைத் திறந்துவிட்டால் போதும். இதை "லாட்ச் போச்சு" என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் உண்டு.

லாட்சுக்குள் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் பழைய கிரீஸும் கார்பெட் நாரும் மணலும் சேர்ந்த கருப்புப் பசை. பழைய பிரஷ்ஷும் துளைக்கும் எண்ணெயும் கொண்டு கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, முழுதாக உலர விடுங்கள். அந்த எண்ணெயையே மசகாக விட்டுவிடக் கூடாது. அது சில நாளில் ஆவியாகிப்போய், மிச்சம் தூசியைப் பிடித்து வைக்கும், லாட்ச் முன்பைவிட மோசமாக இறுகும். உலர்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், கவ்வியும் நாக்கும் உரசும் இடத்திலும் அவற்றின் அச்சிலும் மட்டும், பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் துணியிலும் பெல்ட்டிலும் ஒட்டும். ஸ்க்ரூ டிரைவர் சோதனையை இருபது முப்பது முறை செய்யுங்கள், கிரீஸ் உள்ளே பரவும்.

உடைந்த கம்பிக் கிளிப்புக்குக் கதவு லாக் கம்பிகளுக்குப் போடும் கிளிப்பே பெரும்பாலும் பொருந்தும். கம்பியின் தடிமனை அளந்து அதே அளவில் வாங்க வேண்டும், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கழன்றுவிடும். பசை ஒட்டுவது வீண், அசையும் இணைப்பில் பசை நிற்காது. கேபிள் அறுந்திருந்தால் அதே பார்ட்டை வாங்குவதுதான் முறை. கிடைக்கும் வரை சமாளிக்க, சைக்கிள் கியர் கேபிளின் உள்கம்பி, ஏறக்குறைய 1.2 மி.மீ., பழைய உறைக்குள் போகும். முனையில் திருகி இறுக்கும் நிப்பிள் போட்டுக்கொள்ளலாம். பொருத்தும்போது கைப்பிடியில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இங்கே பலர் கேபிளை "விறைப்பாக இருக்கட்டும்" என்று இறுக்கிவிடுகிறார்கள். தளர்ந்த கேபிளால் சீட் திறக்காது, அவ்வளவுதான். இறுகிய கேபிள் நாக்கைப் பாதி தூக்கியே வைத்திருக்கும், பூட்டியதுபோலத் தெரியும் சீட் அவசரப் பிரேக்கில் விட்டுவிடும். இரண்டில் எது ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங் உடைந்தாலோ கவ்வியின் முனை தேய்ந்து வட்டமானாலோ, லாட்சை ரிவெட் பிரித்து ரிப்பேர் செய்ய முயலாதீர்கள், முழு லாட்சை மாற்றுங்கள்.

பூட்டும்போது ஓங்கி அடித்தால்தான் பூட்டுகிறது என்றால் ஸ்ட்ரைக்கர் இடம் மாறியிருக்கலாம். லாட்சின் வாய் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம் இருந்தால் அதுவே சாட்சி. போல்ட்டைத் தளர்த்தும் முன் ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள், பிறகு ஒருமுறைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்திப் பாருங்கள். இறுக்கும் அளவு சர்வீஸ் கையேட்டில் இருப்பதுதான், கை உணர்வு இங்கே வேண்டாம். கடகட சத்தத்துக்காக ஸ்ட்ரைக்கரில் டேப் சுற்றும் பழக்கமும் உண்டு. மெல்லிய துணி டேப் ஒரு சுற்று பரவாயில்லை. தடித்துவிட்டால் கவ்வி அரைப் பூட்டிலேயே நின்றுவிடும்.

கடைசிச் சோதனையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். பட்டன் அருகே சிவப்பு அடையாளம் இருக்கும் மாடலில் அது முழுதாக மறைய வேண்டும். சாய்மானத்தின் மேல் ஓரத்தைப் பிடித்து, உடல் எடையைக் கொடுத்து முன்னால் இழுத்துப் பாருங்கள். நடு இருக்கையின் பெல்ட் சாய்மானத்துக்குள்ளிருந்து வரும் வகையானால் அதையும் இழுங்கள். சில கார்களில் சாய்மானம் முழுதாகப் பூட்டாவிட்டால் அந்தப் பெல்ட் வெளியே வராதபடி ஏற்பாடு இருக்கிறது. பெல்ட் பழுது என்று அலைபவர்களில் சிலருக்கு உண்மையில் லாட்ச்தான் பழுது. குழந்தை சீட்டின் மேல் பட்டையைச் சாய்மானத்தின் முதுகில் மாட்டும் கார்களில், அந்தக் குழந்தை சீட்டின் பிடிமானமும் இதே லாட்சை நம்பித்தான் நிற்கிறது. சாமானும் அப்படித்தான். ஐ.நா.வின் 17ஆம் எண் வாகன ஒழுங்குமுறையில் பின் சீட் சாய்மானத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: தலா 18 கிலோ எடையும் 300 மி.மீ. பக்கமும் கொண்ட இரண்டு கனசதுரக் கட்டைகளை டிக்கியில் வைத்து, 50 கி.மீ. வேக மோதலுக்கு இணையாக அவற்றைச் சாய்மானத்தில் மோதவிடுவார்கள். அந்த அடியைத் தாங்குவதில் இந்த லாட்சுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் பெரிய பங்கு உண்டு. சந்தேகம் இருந்தால் அந்தச் சீட்டில் ஆளை உட்கார வைக்காதீர்கள், பின்னால் கனமும் ஏற்றாதீர்கள்.

பழைய பார்ட் வாங்குவதானால் இடது லாட்ச் வலதுக்குப் பொருந்தாது. 60:40 சீட்டின் லாட்ச் ஒற்றைச் சாய்மான சீட்டுக்கும் பொருந்துவது அரிது. பார்ட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மோதிய காரிலிருந்து எடுத்த லாட்சையும் ஸ்ட்ரைக்கரையும் தொடாதீர்கள், வெளியே தெரியாத வளைவு உள்ளே இருக்கும். மூன்றாம் வரிசை சீட்டானால் தரையில் உள்ள ஸ்ட்ரைக்கர் குழியில் சில்லறையும் மணலும் தேங்கித்தான் பெரும்பாலும் பூட்டாமல் போகும், வாக்வம் கிளீனர் போதும். மோட்டாரில் மடங்கும் சீட்டானால் ஃபியூஸையும், டிக்கிக் கதவு திறந்திருக்க வேண்டும், கியர் பார்க்கில் இருக்க வேண்டும் என்பதுபோன்ற நிபந்தனைகளையும் முதலில் பாருங்கள். தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடுவதும் உண்டு, ஆறவிட்டால் திரும்ப ஓடும்.